ஒட்ட வேண்டிய சோறு

“…சோறு காய்ச்சத் தெரிஞ்ச ஆக்கள் இருக்கிறியளோ எண்டு ஷெஃப் கேட்டவர், நான் டக்கெண்டு கையைத் தூக்கிப்போட்டன். ஐசே, சோறும் தெரியாதெண்டால் நாங்கள் பிறகு என்னத்துக்கு?” என்றார் அண்ணை, ரப்பர் ஏப்ரனைக் கழற்றியபடியே.

எண்பதுகளின் நடுவில், சுவிஸின் சோலோதுர்ன் நகரில், ஆற்றங்கரை ஓட்டல் ஒன்றில் நாங்கள் இருவரும் கோப்பை கழுவிக்கொண்டிருந்தோம். அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வரவில்லை; இரண்டு வருடமாக நீராவியும் சவர்க்காரமும்தான். அண்ணைக்கு ஒரே ஆசை. கழுவும் தொட்டியிலிருந்து நாலு எட்டுத் தள்ளியிருந்த அடுப்படிக்கு எப்படியாவது போய்ச் சேர்ந்துவிட வேண்டும்.

அன்றைக்கு வழி திறந்தது. பக்கத்துக் கடிகாரத் தொழிற்சாலைக்கு ஜப்பானிலிருந்து விருந்தாளிகள் வந்திருந்தார்கள். மதியம் அவர்களுக்குச் சுஷி. அதற்கென்று சூரிச்சிலிருந்து ஒரு ஜப்பானியச் சமையற்காரர் வந்து இறங்கியிருந்தார். அவருடைய உதவியாளர் காய்ச்சலில் படுத்துவிட்டாராம். மீனை விட்டு இவரால் நகர முடியாது. சோற்றுக்கு ஆள் வேண்டும்.

சுஷி என்றால் பச்சை மீன், அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். “பச்சை மீன் தின்னுறவைக்கு எங்கட சோறு கிடைக்கிறது அவையின்ர புண்ணியம்” என்று சொல்லிக்கொண்டே அண்ணை ஜப்பானியர் கொண்டுவந்திருந்த குண்டு அரிசியைக் கொதிநீரில் கொட்டினார். பதம் பார்த்தார், வடிதட்டில் கஞ்சியை வடித்தார், பச்சைத் தண்ணீரில் ஓர் அலசும் அலசினார். “பாரும், ஒவ்வொண்டா எண்ணி எடுக்கலாம்.”

ஜப்பானியர் ஒரு பிடி அள்ளி, இரண்டு விரலால் அமர்த்தி, கையைத் திறந்தார். பொலபொலவென்று எல்லாம் மேசையில் கொட்டுண்டது.

“ஒட்டவில்லை” என்றார், எங்களுடையதைப் போன்ற அரைகுறை ஜெர்மனில்.

“ஓம், ஒட்டேல்லைத்தானே!” அண்ணை பெருமை தாங்காமல் தமிழிலேயே பதில் சொன்னார்.

எங்களுக்கு ஒட்டின சோறு குழைந்த சோறு, காய்ச்சினவருக்கு வெட்கம். அவருக்கோ ஒட்டாவிட்டால் அது சோறே இல்லை. சுஷி என்பது மீனல்ல, வினாகிரிப் புளிப்புக் கலந்த சோறுதான், மீன் மாறும், சோறு மாறாது என்று அவர் மெல்லச் சொல்லச் சொல்ல, அண்ணையின் கண் கழுவும் தொட்டிப் பக்கம் போய் வந்தது.

பிறகு அவரே காய்ச்சினார். கழுவும் தண்ணீர் தெளியும்வரை அரிசியைக் கழுவினார். அளந்து தண்ணீர் விட்டு மூடினார். ஒரு சொட்டும் வடிக்கவில்லை. வெந்ததை அகன்ற மரத்தொட்டியில் கொட்டி, வினாகிரியும் சீனியும் உப்பும் தெளித்து, மர அகப்பையால் வெட்டி வெட்டிக் கலந்தார். அண்ணை காட்போட் மட்டையால் விசிறினார். சோறு மினுங்கியது.

அதன் பிறகு அந்தக் கைகள் செய்ததைச் சொல்ல எனக்கு இன்றைக்கும் சொல் போதாது. விரல் நீளத்தில் ஒரு சோற்றுக் கட்டி, மேலே சிவப்புச் சூரை மீன் துண்டு. நாலே அசைவு, நிகிரி. அதே கட்டிக்கு வினாகிரியில் ஊறிய வெள்ளித்தோல் மீன், அவித்த இறால், கடற்பாசியால் இடுப்புவார் கட்டிய இனிப்பு முட்டைப் பொரியல். மூங்கில் பாயில் கடற்பாசித் தாள் விரித்து, சோறு பரப்பி, நடுவில் வெள்ளரிக்காய் வைத்து ஒரு சுருட்டு; வெட்டினால் பச்சைக் கண் வைத்த வட்டங்கள், அது மக்கி. சோற்றைச் சுற்றிக் கடற்பாசியால் மதில் எழுப்பி உள்ளே மீன் முட்டை நிரப்பினால் குன்கான்; போர்க்கப்பல் என்று அர்த்தமாம். சோயாக்கட்டியைப் பொரித்துப் பையாக்கி அதற்குள் சோற்றை அடைத்தால் இனாரி, அதில் மீனே இல்லை. இன்னொன்று மரப்பெட்டியில் அமர்த்தி, ஊரில் தொதல் இனிப்பு வெட்டுவதுபோல் துண்டு போட்டது.

“இந்தாள் சமைக்கேல்லை ஐசே, நகையெல்லோ செய்யுது!” என்றார் அண்ணை. மட்டை அவர் கையில் அசையாமல் நின்றது.

ஓட்டல் ஷெஃப் வந்தார். ஒன்றை வாயில் போட்டு, கண்ணை மூடி மென்றார். “சோறு யார்?”

ஜப்பானியர் யோசிக்காமல் அண்ணையைக் காட்டினார். தப்பினோம் என்று நான் மூச்சு விடுவதற்குள் அண்ணை, “நைன், ஷெஃப்” என்று ஜெர்மனில் மறுத்து, மேசைக்குக் கீழே ஒளித்து வைத்திருந்த வடிதட்டை எடுத்து நீட்டினார். உதிரிச் சோறு. “நான் காய்ச்சினது இது.”

“பேசாமல் இருங்கோ அண்ணை!” நான் அவர் காலை மிதித்தேன்.

“விடும் ஐசே. நாளைக்கும் காய்ச்சச் சொன்னால் என்ன செய்யிறது?”

ஜப்பானியர் அந்த உதிரிச் சோற்றில் ஒரு கரண்டி எடுத்து நிதானமாக மென்றார். “நல்ல சோறு. சுஷிக்கு அல்ல” என்றார். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். “இன்னும் ஒரு பானை வேண்டும். இவர் காய்ச்சட்டும். தனியாக.”

ஷெஃப் தோளைக் குலுக்கினார். “ஒரு மணித்தியாலம் இருக்கிறது. பிழைத்தால் கோப்பைக்குத் திரும்பு.”

அண்ணை வடிதட்டை என் கையில் திணித்து, கண்ணில் படாத இடத்துக்குக் கொண்டுபோகச் சொல்லிச் சைகை காட்டிவிட்டு, சட்டைக்கையை மடித்துக்கொண்டு அரிசிப் பையின் வாயைப் பிரித்தார்.