முப்பத்தொரு புள்ளிகள்

அக்கா எந்தப் பிள்ளையின் நோட்டிலும் சிவப்பு மையால் பெருக்கல் குறி போட்டதில்லை. தப்பான விடைக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பாள், அவ்வளவுதான். கடுகளவுப் புள்ளி. அந்தப் பிள்ளை தானே தேடி, தானே தப்பைக் கண்டுபிடித்துத் திருத்தி, தானே ரப்பரால் அந்தப் புள்ளியை அழித்துவிட வேண்டும். அழித்த பிறகு அங்கே தப்பு என்று ஒன்று இருந்ததற்கு உலகத்தில் ஒரு சாட்சியும் கிடையாது. இருபத்தாறு வருடம், அதே பள்ளிக்கூடம், அதே மூன்றாம் வகுப்பு, அதே வழக்கம். அந்தப் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் அவளைப் புள்ளி டீச்சர் என்றுதான் சொல்வார்கள்.

அவளுடைய தங்கை தையல்காரி. வீட்டில் சின்னவள், சின்னவள் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, ஐம்பதை நெருங்கியும் அவள் சின்னவளாகவே இருந்தாள். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. அம்மா படுத்த படுக்கையானபோது வீட்டோடு ஒருத்தி இருக்க வேண்டியிருந்தது, சின்னவள் முந்திக்கொண்டாள். "சின்ன வயசுல என்ன பெரிய மனசு!" என்று வருகிறவர் போகிறவரெல்லாம் உருகினார்கள். மனசு பெரிசுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கணக்கு வாத்தியார் என்றாலே அவள் பயந்து ஒளிந்துகொள்வாள் என்பது அக்காவுக்கு மட்டும் தெரியும். அக்கா அதைக் கடைசிவரை யாரிடமும் மூச்சுவிடவில்லை.

அம்மா போன பிறகும் இரண்டு பேரும் ஒரே வீட்டில்தான். முன்னறையில் சின்னவளின் தையல் மிஷின், நடுவில் சாப்பாட்டு மேஜை, அதன் ஒரு பாதியில் எப்போதும் நோட்டுக் கட்டு. அக்காவின் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். சாப்பிடத் தட்டு வைக்க இடமில்லாமல் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு நிற்பார்.

"உங்க அக்கா முதல்ல கட்டிக்கிட்டது மூணாம் வகுப்பை. என்னை அப்புறம் போனாப் போகுதுன்னு சேர்த்துக்கிட்டா" என்பார் சின்னவளிடம்.

"நோட்டு மேல குழம்பு சிந்திச்சுன்னா ரெண்டு பேரையும் பெஞ்சு மேல ஏத்திடுவேன்" என்பாள் அக்கா, தலையைத் தூக்காமலே.

அவளோடு கடைத்தெருவுக்குப் போனால் அரைமணி வேலை ஒன்றரை மணியாகும். பழைய பிள்ளைகள் நாலு தப்படிக்கு ஒருவர் எதிரே வருவார்கள். மீசை வைத்தவர்கள், இடுப்பில் குழந்தை வைத்தவர்கள். எல்லோரும் அவளைக் கண்டதும் கையில் இருப்பதை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோவார்கள். ஒருமுறை பல் பிடுங்கப் போனாள். பல் டாக்டர் அவளிடம் படித்தவன். "டீச்சர், வாயை நல்லாத் திறங்க" என்றான். "இரு, முதல்ல நீ கையைக் கழுவினியா?" என்று கேட்டாளே பார்க்கலாம்! அவன் மறுபேச்சுப் பேசாமல் போய் மறுபடி கழுவிக்கொண்டு வந்தான். தலைமையாசிரியர் வேலை இரண்டு தரம் தேடி வந்தது. இரண்டு தரமும் வேண்டாமென்றுவிட்டாள். "அந்த ரூம்ல பிள்ளைங்க அழுதுக்கிட்டே வருவாங்க. என் ரூம்ல அழுகை நின்ன பிறகுதான் வெளியே போவாங்க" என்றாள்.

சின்னவள் காலையில் எழுந்ததும் கண்ணை மூடி நிற்பாள். கும்பிட்டு முடிக்காமல் மிஷினில் கால் வைக்க மாட்டாள். அக்காவுக்கு அவ்வளவு நேரம் கிடையாது. பஸ்ஸைப் பிடிக்க ஓடும் ஓட்டத்தில் வாசலில் நின்று, "ஆண்டவா, முப்பத்திரண்டு பேரும் இன்னிக்கு வந்து சேரட்டும்" என்று சொல்லிவிட்டு ஓடுவாள். கேட்டது அவ்வளவுதான். தனக்கென்று ஒன்றைச் சேர்த்துக் கேட்டு சின்னவள் காதில் விழுந்ததே இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை கணக்கு நோட்டுகளை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். முப்பத்திரண்டு நோட்டு, ஒவ்வொன்றிலும் மூன்று பக்கம். இரண்டு பக்கம் எல்லா நோட்டிலும் பார்த்து முடித்தாள். சனிக்கிழமை காலை மூன்றாவது பக்கத்துக்குப் பென்சிலைச் சீவும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட வந்த நர்சும் அவளிடம் படித்த பெண்தான். புள்ளி டீச்சரைப் படுக்கையில் பார்த்ததும் அந்தப் பெண் ஊசியை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். "பயப்படாம போடு, உனக்கு நல்லா வருது" என்று தைரியம் சொன்னாள் அக்கா. பிறகு தங்கையின் பக்கம் திரும்பி, "அந்த நோட்டெல்லாம் பிள்ளைங்க கைக்குப் போய்ச் சேர்ந்துடணும்டி" என்றாள்.

"நீயே எடுத்துட்டுப் போகப் போற. பேசாம படு."

"சரி டீச்சர்" என்றாள் அக்கா. சிரித்தாள். செவ்வாய்க்கிழமை விடிந்தபோது அவள் இல்லை.

பத்து நாள் கழித்து, நோட்டுகளைக் கேட்டுப் பள்ளிக்கூடத்துப் பியூன் வந்தார். சின்னவள் கட்டை எடுத்துக் கொடுக்கத்தான் போனாள். மேலே இருந்த நோட்டைப் புரட்டியவளுக்குக் கை வரவில்லை. மூன்றாவது பக்கத்தில் டிக்கும் இல்லை, புள்ளியும் இல்லை. பாதி பார்த்த நோட்டை அக்கா ஒருநாளும் திருப்பிக் கொடுத்தவள் இல்லை. காய்ச்சலோடு உட்கார்ந்து பார்த்திருக்கிறாள், அம்மா போன வாரத்தில்கூடப் பார்த்து முடித்துத்தான் அனுப்பினாள்.

"நாளைக்கு வந்து வாங்கிக்கிறீங்களா அண்ணே?" என்றாள்.

அன்று மதியம் மிஷினை மூடி போட்டு மூடினாள். கண்ணை மூடி நின்றாள். "இது பொய்யா மெய்யான்னு எனக்குத் தெரியல ஆண்டவா. அவ வேலை அரைகுறையா நிக்கக் கூடாது. அது மட்டும்தான்" என்று சொல்லிக்கொண்டு அக்காவின் பென்சிலை எடுத்தாள். எழுத்து ஒன்றும் எழுத வேண்டாம். சரியென்றால் ஒரு டிக், தப்பென்றால் ஒரு புள்ளி. மூன்றாம் வகுப்புக் கணக்குத்தானே, அவள் படித்தது ஐந்து.

கூட்டல், கழித்தல் எல்லாம் மளமளவென்று போயின. பக்கத்தின் கடைசியில் ஒரு கணக்கு: தொண்ணூறு சென்டிமீட்டர் நீளமுள்ள துணியில், முப்பது சென்டிமீட்டர் நீளமுள்ள கைக்குட்டைகள் எத்தனை தைக்கலாம்?

சின்னவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. நம்ம கணக்கு! அந்தப் பிள்ளை மூன்று என்று எழுதியிருந்தது. அவள் உச்சுக்கொட்டினாள். இரண்டு ஓரமும் மடித்துத் தைக்க பக்கத்துக்கு ஒரு சென்டிமீட்டராவது விட வேண்டாமா? ஒன்றுக்கு முப்பத்திரண்டு பிடிக்கும். இரண்டுதான் தேறும், மீதி இருபத்தாறு வெட்டுத்துண்டு. புள்ளி வைத்தாள். அடுத்த நோட்டிலும் மூன்று. அதற்கு அடுத்ததிலும் மூன்று. 'ஐயோ பாவம், இதைச் சொல்லிக்கொடுக்கறதுக்குள்ள போயிட்டியே அக்கா' என்று அவளுக்குக் கண் நிறைந்தது. முப்பத்தொரு நோட்டில் முப்பத்தொரு புள்ளி. ஒரே ஒரு நோட்டில், எழுத்தெல்லாம் தூக்கக் கலக்கத்தில் சாய்ந்து கிடந்த நோட்டில், இரண்டு என்று இருந்தது. அதற்கு மட்டும் மனசார ஒரு பெரிய டிக் போட்டாள்.

நோட்டுகள் போய்ச் சேர்ந்தன. அக்காவுக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டோம் என்று நாலு நாள் நிம்மதியாகத் தைத்தாள்.

ஐந்தாம் நாள், முன்பல் விழுந்த ஒரு சிறுமி யூனிஃபார்ம் பாவாடையின் மடிப்பைப் பிரித்துவிடச் சொல்லி அம்மாவோடு வந்தாள். அக்காவின் வகுப்புப் பெண். அம்மா எதிர்க்கடைக்குப் போன நேரத்தில் மிஷினுக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டது.

"தையல் அக்கா, எங்க டீச்சருக்குக் கடைசியில மூளை குழம்பிடுச்சா?"

சின்னவளுக்குச் சுருக்கென்றது. "யாரு சொன்னா உனக்கு?"

"எல்லாரும் சொல்றாங்க. சரியா போட்டதுக்கெல்லாம் புள்ளி வெச்சிருந்தாங்க. நான் பத்து தரம் போட்டுப் பார்த்தேன், மூணுதான் வருது. டீச்சர் சும்மா புள்ளி வைக்க மாட்டாங்களேன்னு தேடித் தேடிப் பார்த்து நாங்க நிறைய பேரு அழுதுட்டோம். புது டீச்சர்தான், உடம்பு முடியாதப்ப பார்த்திருக்காங்க பாவம், விடுங்கன்னு சொன்னாங்க."

"எந்தக் கணக்கு?"

"கைக்குட்டை."

"மூணு எப்படிடி வரும்? ஓரம் மடிக்கத் துணி வேண்டாமா?"

சிறுமி அவளை ஒரு மாதிரி பார்த்தது. "கணக்குல மடிக்க மாட்டாங்க அக்கா. தொண்ணூறை முப்பதால வகுத்தா மூணு. அவ்வளவுதான்."

சின்னவளின் கால் மிதியிலேயே நின்றுவிட்டது.

சாயங்காலம் மாமாவிடம் சொன்னாள். அவர் முதலில் சிரித்தார், பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார், பிறகு பயந்தார்.

"பள்ளிக்கூட நோட்டுல வெளியாள் கை வெச்சதுன்னு தெரிஞ்சா ஹெட்மாஸ்டர் சும்மா விடுவாரா? அஞ்சாம் வகுப்போட நின்னவன்னு நாலு பேர் சிரிப்பாங்க. யாருக்கும் தெரியாதும்மா. பிள்ளைங்க மறந்துடும். விட்டுடு."

"என்னைப் பார்த்து சிரிச்சா சிரிக்கட்டும் மாமா. இப்ப அக்காவைப் பார்த்துப் பாவம்ங்கறாங்களே. மூளை குழம்பிப் போனான்னு அந்தப் பிள்ளைங்க மனசுல நின்னுட்டா, அவ இருபத்தாறு வருஷம் வெச்ச புள்ளியெல்லாம் என்ன ஆகும்?"

 மறுநாள் காலையில் மாமா பஸ் எடுக்கப் போகும்போது, "பள்ளிக்கூடத்து வாசல்லயே இறக்கி விடறேன், வா" என்றார்.

ஹெட்மாஸ்டர் அறையில் சின்னவள் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார். "நீங்க பண்ணினது தப்புதான்மா. கொடுத்திருந்தா நாங்களே பார்த்திருப்போம்" என்றார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "சரி, போங்க. எங்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? புள்ளி வாங்கினவங்க அங்க இருக்காங்க."

மூன்றாம் வகுப்பில் எல்லாம் சின்னச் சின்னப் பெஞ்சுகள். சுவரில் அக்காவின் கையால் எழுதிய வாய்ப்பாடு. புது டீச்சர், இருபத்தைந்து வயதுப் பெண், விஷயத்தைக் கேட்டுவிட்டு ஒதுங்கி நின்றாள். சின்னவள் கரும்பலகைக்கு முன்னால் போய் நின்றாள். முப்பத்திரண்டு ஜோடிக் கண்கள்.

"அந்தக் கைக்குட்டைக் கணக்குல உங்க டீச்சர் புள்ளி வைக்கல கண்ணுங்களா. அவங்க மூளையெல்லாம் கடைசிவரைக்கும் தெளிவா இருந்தது. நான்தான் வெச்சேன். நான் தையல்காரி. துணின்னா எனக்கு ஓரம் மடிக்கணும்னுதான் தோணும். நீங்க போட்டது சரி. நான் பார்த்தது தப்பு."

 கடைசிப் பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "மடிக்காம தைச்சா என்ன ஆகும்?"

"நூல் பிரிஞ்சு தொங்கும். ரெண்டு தரம் மூக்கைத் துடைச்சா கைக்குட்டை காணாமப் போயிடும்."

வகுப்பே கொல்லென்று சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் பல் விழுந்த சிறுமி எழுந்து நின்றாள். "அப்படின்னா அழிங்க. டீச்சர் தப்பு பண்ணா டீச்சர்தான் வந்து அழிக்கணும். அதான் ரூல்."

"டீச்சர் தப்பு பண்ணியிருக்காங்களா?" என்று கேட்டாள் சின்னவள். நிஜமாகவே அவளுக்குத் தெரியாது.

"ஓ! நிறைய!" என்று நாலா பக்கத்திலிருந்தும் கத்தினார்கள். ஒருமுறை பதினேழை எழுபத்தொன்று என்று படித்துப் புள்ளி வைத்துவிட்டார்களாம். ஒருமுறை கண்ணாடியைத் தலையில் வைத்துக்கொண்டு மேஜையடியில் தேடினார்களாம். "நான் கண்டுபிடிச்சேன்!" "இல்ல, நான்தான் முதல்ல!" அந்தப் பெருமை அவர்கள் முகத்தில் வழிந்தது. தப்பைக் கண்டுபிடித்தவனின் பெஞ்சுக்கே அக்கா வந்து குனிந்து, 'நான் பார்த்தது தப்பு' என்று சொல்லி அழித்துவிட்டுப் போவாளாம். எத்தனை வருடம் ஒரே வீட்டில், ஒரே மேஜையில் இருந்தும் இதை அவள் வீட்டில் சொன்னதே இல்லை. அக்காவின் பெயர் கெட்டுவிடும் என்று ராத்திரியெல்லாம் தவித்தது நினைவுக்கு வந்து, சின்னவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டியது.

புது டீச்சர் ரப்பரை நீட்டினாள். பெஞ்சு பெஞ்சாகப் போனாள் சின்னவள். ஒவ்வொரு நோட்டிலும் குனிந்து, "நான் பார்த்தது தப்பு" என்று சொல்லி அழித்தாள். சில நோட்டில் பிள்ளைகள் அழித்து அழித்துப் போட்டுப் பார்த்ததில் தாள் தேய்ந்து ஓட்டை விழும் நிலைமையில் இருந்தது. அங்கே கொஞ்சம் மெதுவாக. பத்தாவது பிள்ளைக்குப் பிறகு கூச்சம் போய்விட்டது. இருபதாவதில் இடுப்பு பிடித்துக்கொண்டது. அக்காவுக்கு ஏன் எப்போதும் முதுகுவலி என்று இப்போது தெரிந்தது.

முப்பத்தொன்றும் முடிந்தது. ஜன்னலோரத்தில் கன்னத்தில் கை வைத்தபடி ஒரு பெண் உட்கார்ந்திருந்தது. வகுப்பு அதற்கு வைத்த பெயர் தூங்குமூஞ்சி. அதுவும் கோபிக்காமல் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கும். அதன் நோட்டில்தான் அந்தப் பெரிய டிக்.

"நீ எப்படிம்மா ரெண்டு போட்ட?"

"மூணாவதை எண்ணறதுக்குள்ள மணி அடிச்சிடுச்சு" என்றது அது. நோட்டை அவள் பக்கம் நகர்த்தியது. "எனக்கும் அழிக்கணும்ல?"

வாழ்க்கையில் அந்தப் பிள்ளை வாங்கிய முதல் பெரிய டிக்காக இருக்கலாம். சின்னவள் ஒரு நிமிஷம் தயங்கினாள். சும்மா விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தாள். அது கொட்டாவி விட்டபடி காத்திருந்தது. டிக்கை அழித்தாள். பென்சிலை வாங்கி, கடுகளவு ஒரு புள்ளி வைத்தாள்.

பிள்ளை விரலை நீட்டி எண்ணத் தொடங்கியது. முப்பது. மறுபடி முப்பது. ஜன்னல் வழியே யாரோ போனதைப் பார்த்தது. திரும்ப ஆரம்பத்திலிருந்து எண்ணியது. வீட்டில் பிரித்துப் போட்ட துணி கிடந்தது, மதியத்துக்குள் இரண்டு பேர் வருவார்கள். சின்னவள் அந்தச் சின்னப் பெஞ்சின் விளிம்பில் இடம் பண்ணிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"மெதுவா பாரு" என்றாள். "அவசரமே இல்ல."