புகைக்குள் விழுந்த பன்றி

இது நடந்தது. எனக்கும் என் மச்சினன் சுஃபியானுக்கும் நடந்தது. "தூக்கக் கலக்கத்தில் எதையோ பார்த்திருப்பீர்கள்" என்று சொல்கிறவர்களிடம் வாதாட எனக்குப் பொறுமை இல்லை. பயம்கூட எப்போதோ போய்விட்டது. கோபம்தான் இன்னும் ஆறவில்லை.

முதலில், எனக்கு விடை தெரியாமல் இருந்த ஒரு சின்ன விஷயம். பன்றியைச் சுட்டோம். அது சாய்வதை இருவரும் கண்ணால் பார்த்தோம். எடுக்கப் போனவருக்கு அங்கே பன்றி கிடைக்கவில்லை. ரத்தம் இல்லை. ஒரு முடிகூட இல்லை.

அப்படியென்றால் விழுந்தது எங்கே போனது?

நாங்கள் இருப்பது டெக்சாஸில், டாலஸை ஒட்டிய காப்பெலில். அங்கிருந்து இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டினால் வரும் ஓர் ஓடைக்கரையில் பத்து ஏக்கர் நிலம் வாங்கினேன். விற்றவர் ஸ்ரீநிவாசன். என்னோடு ஆபீஸில் வேலை பார்த்தவர். நிலத்தோடு ஒரு மரப் பரணையும், ஷெட்டில் மாட்டியிருந்த துப்பாக்கியையும் சேர்த்தே கொடுத்தார். "நீங்களே வெச்சுக்கோங்க நூர். எனக்கு இனிமே எதுக்கு?" என்றார். என்ன தாராள மனசு என்று நினைத்தேன்.

வேர்க்கடலை போட்டேன். முதல் வருஷம் காட்டுப் பன்றிகள் வயலை டிராக்டர் விட்ட மாதிரி புரட்டிப் போட்டுவிட்டன. மறு வருஷம் செடிகள் நன்றாகக் காய் பிடித்திருந்தன. என் மனைவி மெஹர் நிஷா என்னிடம் உறுதியாகச் சொல்லிவிட்டாள்.

"இந்த வாட்டியும் பன்னிக்குத்தான் வெள்ளாமைன்னா நிலத்த வித்துருங்க. பிள்ளைங்க சனி ஞாயிறாவது வாப்பா மூஞ்சியப் பாக்கட்டும்."

ஆக, கடலை தப்பினால் நிலம் தப்பும். அதனால்தான் துப்பாக்கியைக் கையில் எடுத்தேன்.

அது நம் ஊரில் நாட்டுத் துப்பாக்கி என்பார்களே, அந்த வகை. தோட்டா கிடையாது. குழாயின் வாய் வழியாகக் கரிமருந்தை அளந்து கொட்டவேண்டும். அதன்மேல் எண்ணெய்த் துணியில் பொதிந்த ஈயக் குண்டு. இரண்டையும் நீளக் கோலால் இடித்து அடிவரை இறக்கவேண்டும். கடைசியாகப் பின்பக்கக் காம்பில் ஒரு கேப்பு. தீபாவளிக்கு வெடிக்கிற பொட்டுக் கேப்பின் அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். விசையை இழுத்தால் ‘குதிரை’ என்கிற சுத்தி அதன்மேல் அடிக்கும்; அது வெடித்து, அந்தப் பொறி உள்ளே இறங்கி மருந்தைப் பற்றவைக்கும். கிரீன் கார்டுக்குக் காத்திருக்கிற என்னைப் போன்றவனுக்கு மற்றத் துப்பாக்கிகளில் ஆயிரம் விதிமுறை. இந்தப் பழைய மாதிரியைச் சட்டம் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

"மச்சான், இது துப்பாக்கியா உரலா? இடிச்சுக்கிட்டே இருக்கீங்க. பன்னி வந்து வெயிட் பண்ணுமா?" என்பான் சுஃபியான்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். கரிமருந்து முழுசாக எரிந்து காற்றாகிவிடாது. பாதிக்கு மேல் பொடியாகவே வெளியே வரும். அதுதான் அந்த வெள்ளைப் புகை. காற்றில்லாத ஈரமான காலையில் அது நகராது. சுட்டவன் கண் முன்னால் திரை போட்ட மாதிரி நிற்கும். திரைக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று சுட்டவனுக்கே தெரியாது.

போய்ப் பார்த்தால் தெரியும். நாங்கள் போகமாட்டோம்.

பன்றி எங்களுக்கு ஹராம். பயிரைக் காப்பாற்றச் சுடலாம், தொடுவதில்லை. நாங்கள் அதையும் ஒரு படி மேலே கொண்டுபோய், செத்தது கிடக்கும் பக்கமே போவதில்லை என்று வைத்திருந்தோம். பக்கத்து நிலத்து டெல்பர்ட்டோடு ஓர் ஏற்பாடு. நாங்கள் சுட்டுவிட்டு போன் செய்வோம். அவர் டிராக்டரில் வந்து எடுத்துப்போவார். கறி அவருக்கு, கடலை எங்களுக்கு. கோடை முழுக்க அப்படித்தான் ஒழுங்காக நடந்தது.

அக்டோபர் வந்தது. பனிமூட்டம் இறங்கியது.

முதல் சனிக்கிழமை. விடிகாலை சுபுஹு தொழுதுவிட்டுப் பரணில் ஏறினோம். ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்பு, வயலின் கடைசியில் நின்ற பீக்கன் கொட்டை மரத்தடியில் கறுப்பாக ஒன்று நகர்ந்தது. தாழ்வாக, மெதுவாக. சுட்டேன். சாய்ந்தது. புகை மூடியது. டெல்பர்ட்டுக்கு போன் செய்துவிட்டு ஷெட்டுக்கு டீ போடப் போய்விட்டோம்.

அரை மணியில் அவர் கதவைத் தட்டினார். "நதிங்" என்றார். அவ்வளவுதான். முகம் கொடுத்துப் பேசவில்லை.

"பொய் சொல்றாரு மச்சான். நல்ல பெரிய பன்னி, கமுக்கமா எடுத்துட்டுப் போயிட்டாரு" என்றான் சுஃபியான். எனக்கும் சுர்ரென்று ஏறியது. கறி முழுக்க உனக்குத்தானே, அப்புறம் எதற்குப் பொய்?

அடுத்த சனிக்கிழமை அது வயலின் நடுவில் வந்தது. சுட்டேன். சாய்ந்தது. டெல்பர்ட் வந்தார். தூரத்திலிருந்து பார்த்தேன். அந்த இடத்தில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வெகுநேரம் நின்றார். டிராக்டரோடு ஓடிவரும் அவருடைய நாய் வேலியைத் தாண்டவில்லை. அவர் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டார்; டிராக்டர் மறைத்ததில் பன்றியை ஏற்றினாரா என்றும் தெரியவில்லை.

எனக்கு ஆத்திரம் ஆறவில்லை. ஆனாலும் சில விஷயங்கள் உதைத்தன. பன்றிகள் குடும்பத்தோடு வரும். இது தனியாக வந்தது. பன்றி உறுமும், மண்ணைக் கிளறும். இது ஒரு செடியைக்கூடக் கிளறவில்லை. செடிகள் மடங்கிக் கிடந்தன, அவ்வளவுதான். பீக்கன் மரத்திலிருந்து நடு வயல்வரை, இரண்டு கோடுகளாக...

பரணைப் பார்த்து.

மூன்றாவது சனிக்கிழமை. பனி அப்படி ஒரு பனி. பரணில் உட்கார்ந்தால் ஏணியின் கடைசிப் படி தெரியவில்லை. காற்று துளியும் இல்லை.

6.52. சுஃபியான் என் முழங்கையைத் தொட்டான்.

மிகக் கிட்டே. கல் எறிந்தால் விழும் தூரம். தாழ்வாக, கறுப்பாக. நின்றது. நகர்ந்தது. நின்றது.

"இன்னைக்கு டெல்பர்ட் நம்ம கண்ணு முன்னாடியே எடுக்கட்டும், பாத்துருவோம்" என்று முணுமுணுத்துக்கொண்டே விசையை இழுத்தேன்.

கேப்பு வெடித்தது. மருந்து வெடித்தது. பனியும் புகையும் சேர்ந்து சுவராக நின்றன.

அந்தச் சுவருக்குள்ளே...

சரக்.

எதையோ மண்ணில் இழுக்கும் சத்தம். பிறகு ஒன்றுமில்லை. பிறகு மறுபடி.

சரக்.

"சாகல மச்சான். லோடு பண்ணுங்க."

அவசரத்தில் மருந்தைக் கொட்டக்கூடாது. முந்தைய வெடியின் கங்கு குழாயில் மிஞ்சியிருந்தால் கொட்டுகிற மருந்து முகத்தில் வெடிக்கும். முதலில் ஈரத் துணியை உள்ளே விட்டுத் துடைக்கவேண்டும். துடைத்தேன்.

சரக்.

மருந்தை அளந்தேன். கொட்டினேன்.

சரக்... சரக்.

துணி. குண்டு. கோல். இடித்தேன். கோல் அடியைத் தொட்டது. நான் நிறுத்தினேன்.

கீழேயும் நின்றது.

மூச்சு கேட்டது. பன்றி மூச்சு இல்லை. ஓடி வந்த மனிதன் விடும் மூச்சு.

ஏணியின் முதல் படி "கிரீச்" என்றது.

பிறகு ஒரு குரல். அலறல் இல்லை, மிரட்டல் இல்லை. போனை எடுத்தவன் கேட்பதுபோல, சாதாரணமாக.

"ஹலோ...?"

சுஃபியான் டார்ச்சை எடுத்தான்.

"மச்சான்... ஆளு. ஆளைச் சுட்டுட்டோம்."

"இறங்காத!"

அவன் இறங்கிவிட்டான். டார்ச் வெளிச்சம் புகைக்குள் போய் அணைந்த மாதிரி மறைந்தது.

"சுஃபியான்!"

சரக்.

ஏணிக்கு அந்தப் பக்கம், புகைக்குள், கறுப்பாக. நாலு காலில். என்னை நோக்கி.

குதிரையைப் பின்னுக்கு இழுத்தேன். கேப்பை எடுத்தேன். பருப்பளவு பித்தளை. காம்பில் ஏறவில்லை. நழுவிக் கீழே விழுந்தது.

இன்னொன்றைப் பையில் தேடினேன்...

புகை ஓரமாகக் கிழிந்தது.

சுஃபியான். மண்டியிட்டு, இரண்டு கைகளாலும் தரையைத் தடவிக்கொண்டிருந்தான்.

கேப்பு நழுவாமல் இருந்திருந்தால் மெஹரிடம் நான் என்ன சொல்லியிருப்பேன்?

அவன் நிமிர்ந்தான். "இங்க யாருமே இல்ல மச்சான்" என்றான். "ஆனா மண்ணு சூடா இருக்கு. ஒரு ஆளு படுத்து எழுந்த மாதிரி."

தொட்டுப் பார்த்தேன். அந்தக் குளிரில், ஓர் ஆள் நீளத்துக்கு, மண் சூடாக இருந்தது.

வெடிச் சத்தம் கேட்டு டெல்பர்ட் தானாகவே வந்தார். பயமெல்லாம் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வந்தது. இது என்ன விளையாட்டு, ரெண்டு பன்றியை மறைத்துவிட்டு இப்போது ஆள் வைத்துப் பயமுறுத்துகிறாயா என்று கத்தினேன். அவர் அதைவிடச் சத்தமாகக் கத்தினார். விளையாடுவது நீங்கள்தானே, என் தம்பி ஊர்ந்து வந்த வழியிலேயே ஒவ்வொரு இடமாக என்னைக் கூப்பிட்டு நிற்கவைக்கிறீர்களே, உங்களுக்கு மனசாட்சி இல்லையா என்றார்.

"தம்பியா?" என்றேன்.

எங்கள் முகங்களைப் பார்த்து அவர் அடங்கினார். பிறகு சொன்னார்.

அவர் தம்பி பெயர் வேட். நான் நிலம் வாங்குவதற்கு முந்தைய அக்டோபரில், பனிமூட்டத்தில், தொலைந்த கன்றுக்குட்டியைத் தேடி வந்திருக்கிறார். பீக்கன் மரத்துக்குப் பக்கத்தில் வேலிக்கு அடியில் நுழைந்து, நிமிர்வதற்குள் குண்டு பட்டிருக்கிறது. உடனே சாகவில்லை. உதவி கேட்டு ஊர்ந்திருக்கிறார். பீக்கன் மரத்திலிருந்து நடு வயல், நடு வயலிலிருந்து பரண். சுட்டவன் இருந்த இடத்துக்கேதான் உதவி கேட்டு வந்திருக்கிறார். மறுநாள் கண்டெடுத்தபோது அவருடைய கை ஏணியின் முதல் படியைப் பிடித்திருந்தது. உடம்பிலிருந்து எடுத்தது தோட்டா இல்லை. உருண்டையான ஈயக் குண்டு. சுட்டது யார் என்று போலீஸால் கண்டுபிடிக்க முடியவில்லை. அப்போதைய நிலத்துக்காரர் அன்றைக்குக் காப்பெலில் இருந்ததாகச் சொல்லிவிட்டாராம்.

என் கையிலிருந்த துப்பாக்கியைப் பார்த்தேன். அப்படியே கீழே வைத்தேன்.

அங்கே நின்றபடியே ஸ்ரீநிவாசனுக்கு போன் செய்தேன், ஸ்பீக்கரில். "பரணுக்குக் கீழ ஒரு சத்தம் கேக்குது சார்" என்று மட்டும்தான் சொன்னேன்.

அவர் மெல்லக் கேட்டார். "ஏணி வரைக்கும் வந்துடுச்சா?"

எனக்குள் ஏதோ அறுந்தது. "தெரிஞ்சுக்கிட்டேதான் வித்தீங்களா?"

"நூர், ப்ளீஸ். எனக்கு அது பன்னி. பன்னின்னு நெனச்சுத்தான் சுட்டேன். புகை மறைச்சுடுச்சு. செத்த பன்னிய யாராவது போய்ப் பாப்பாங்களா, சொல்லுங்க? அப்புறம் ஏதோ சத்தம் கேட்டுச்சு, பயந்துட்டேன், வண்டி எடுத்துட்டு வந்துட்டேன்."

"என்ன சத்தம்? பன்னி ஹலோன்னு சொல்லுமா சார்?"

அழுதார். எனக்கு இரக்கம் வரவில்லை, இன்றுவரை வரவில்லை. அவர் இறங்கி நடந்திருந்தால், ஒரு போன் செய்திருந்தால், அந்த மனிதர் பிழைத்திருக்கலாம். டெல்பர்ட்டுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அந்தக் குரலையும் அழுகையையும் கேட்டுக்கொண்டிருந்தார். போனை வைத்துவிட்டு அவருக்கு ஒவ்வொரு வார்த்தையாக ஆங்கிலத்தில் சொன்னேன். பெயரையும் காப்பெல் விலாசத்தையும் கொடுத்தேன். போலீஸிடம் துப்பாக்கியை ஒப்படைத்து அதையே எழுதிக் கொடுத்தேன். "நம்ம ஆளையே மாட்டி விட்டுட்டீங்களே" என்று என்னிடம் கேட்டவர்களும் உண்டு. ஆமாம், மாட்டி விட்டேன்.

அந்த வருஷக் கடலையைப் பறித்தோம். நிலம் இன்னும் எங்களிடம்தான் இருக்கிறது.

வேறு ஒரு துப்பாக்கி வாங்கினேன். இதுவும் அதே மாதிரிதான், அதே புகைதான். சுட்டதும் இறங்கிப் போய்ப் பார்ப்பது என்று முடிவு செய்திருந்தோம். வாங்கிய புதிதில் ஒரு நாள் மழையைச் சாக்குச் சொல்லி, சுட்டுவிட்டுப் பரணிலேயே உட்கார்ந்திருந்தோம். டெல்பர்ட் வருவதற்கு முன்னால், மழைச் சத்தத்துக்கு இடையில், "சரக்" என்று கேட்டது. உடனே இருவரும் இறங்கி அந்த இடத்துக்கு நடந்தோம். செத்த பன்றி கிடந்தது. வேறு எதுவும் இல்லை. சத்தம் நின்றுவிட்டது.

அது எப்படி, ஏன் என்று எனக்குத் தெரியாது. என்ன செய்யவேண்டும் என்பது தெரியும். சுட்டவுடன் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு, "வர்றோம்" என்று உரக்கக் குரல் கொடுத்து, விழுந்த இடம்வரை நடந்து போய்ப் பார்க்கவேண்டும். போய்ப் பார்த்தால் அது வருவதில்லை.