சந்தேகத்துக்குரிய நபர் யாரும் இல்லை

ரயில் நிலையத்தில் குண்டு வெடித்த மறுநாளே சுவருக்குச் சுவர் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். தேடப்படும் ஆள் நடுத்தர உயரம், ஒல்லி, இடது புருவத்தில் தழும்பு. போலீஸ் குடியிருப்புக்குப் பால் ஊற்றும் பால்காரரும் நடுத்தர உயரம், ஒல்லி. சின்ன வயதில் பம்பில் இடித்துக்கொண்டதில் இடது புருவத்தில் ஒரு தழும்பு வேறு. கேட்க வேண்டுமா? ஒரே காலையில் பதினோரு இடத்தில் அவரை சைக்கிளிலிருந்து இறக்கி, கேனைத் திறந்து, உள்ளே எட்டிப்பார்த்து, மூடி அனுப்பினார்கள். நாலாம் நாள் மனுஷர் நேரே காவல் நிலையத்துக்கு வந்து நின்றார்.

"என்னைப் பிடிச்சு உள்ளயே போட்டுடுங்க. ஒரே தடவையா முடிஞ்சிடும்."

நிலையமே சிரித்தது. போன் மேஜையிலிருந்த ஏட்டம்மா மட்டும் சிரிக்கவில்லை. ஒரு தாளை எடுத்தார், எழுதினார், கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தி மடித்துக் கொடுத்தார். 'இந்தத் தாளை வைத்திருப்பவர் நாங்கள் தேடும் ஆள் அல்ல. இவர் பால்காரர். பால் கெடுவதற்குள் அனுப்பி வைக்கவும்.'

அப்படி ஒரு தாள் கொடுக்க எந்தச் சட்டத்திலும் இடமில்லை. அதனால் ஏட்டம்மா அதை யாரிடமும் சொல்லவில்லை. பால்காரர் மனைவி சொல்லித்தான் ஏட்டம்மாவின் நாத்தனாருக்கே தெரியும்.

நாத்தனாருக்கு அரசு விருந்தினர் விடுதியில் சமைப்பதும் பெருக்குவதும் வேலை. அண்ணன் வீட்டின் பின்கட்டில் தனியாக இருப்பவள். அண்ணன் போலீஸ் வேன் ஓட்டுகிறவர். வீட்டில் பேச்சை மனைவிக்கும் தங்கைக்கும் விட்டுக்கொடுத்துவிட்ட புண்ணியவான். அண்ணியைப் பற்றி அவளிடம் கேட்டால் முதலில் சொல்வது, "எங்க அண்ணி ஓடி யாரும் பார்த்ததில்ல" என்பதுதான். முப்பத்துமூன்று வருஷம் காவல் துறையில் இருந்தும் ஏட்டம்மா ஒரு திருடனைக்கூடத் துரத்தியதில்லை. நடந்தே போவார். அவர் போய்ச் சேரும்போது திருடன் களைத்துப்போய் உட்கார்ந்திருப்பான். நிலையத்தில் அவருக்கு 'நிதானம்' என்றே பெயர். போன் மேஜைக்கு வந்ததும் கண்ணை மூடி இரண்டு நிமிஷம் கடவுளிடம் பேசுவார். புதிதாக வந்தவர்கள் தூங்குகிறார் என்று நினைத்து இருமுவார்கள்.

குண்டு வெடிப்பில் பதினான்கு உயிர் போயிருந்தது. ஊர் கதிகலங்கிக் கிடந்தது. தகவல் தெரிந்தால் சொல்லுங்கள் என்று ஒரு போன் நம்பரை அறிவித்தார்கள். அந்த போன்தான் ஏட்டம்மாவிடம் வந்தது. ஒரு நாளைக்கு நானூறு அழைப்பு. மேல்வீட்டுக்காரர் மேல் கோபம், கடன் வாங்கிய மச்சான் மேல் கோபம், எல்லாம் அந்த போனில் வந்து இறங்கியது. எதையும் தள்ளாமல் ஒவ்வொன்றையும் ஒரு மஞ்சள் சீட்டில் எழுதுவார் ஏட்டம்மா. எழுதியதை விசாரணைக் காவலர்கள் நாலு பேரிடம் கொடுக்க வேண்டும். அவர்கள் விசாரித்து வந்து சொன்னதும் சீட்டின் அடியில் 'விசாரிக்கப்பட்டது' என்று முத்திரை குத்திக் கையெழுத்துப் போட வேண்டும்.

இங்கேதான் வந்தது வினை. மேலிடத்துக்கு தினம் மாலை ஆறு மணிக்கு ஒரு கணக்கு போகவேண்டும். வந்த சீட்டு இத்தனை, முடித்த சீட்டு இத்தனை, மீதம் பூஜ்யம். பூஜ்யம் இல்லாவிட்டால் இன்ஸ்பெக்டருக்கு போனிலேயே அபிஷேகம். நானூறு வீட்டை நாலு பேர் எப்படிப் பார்ப்பார்கள்? இரண்டு நாள் ஓடினார்கள். மூன்றாம் நாள் ஒருவருக்கு மூளை வேலை செய்தது. சீட்டில்தான் சந்தேகப்பட்ட இடத்தின் போன் நம்பர் இருக்கிறதே! அங்கேயே போன் போட்டு, "உங்க பக்கம் சந்தேகப்படும்படி யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார். "இல்லையே" என்றார்கள். விசாரித்தாயிற்று!

ஏட்டம்மா ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தார்.

"ஐயா, போன்ல கேட்டா எப்படிய்யா? ஆளைப் பார்க்க வேணாமா?"

"அதுக்கென்ன, நீங்களே நடந்து போய்ப் பார்த்துட்டு வாங்களேன்" என்றார் இன்ஸ்பெக்டர். "நீங்க திரும்பி வர்றப்போ எனக்கு ரிட்டயர்மென்ட் ஆகிடும்."

ஏட்டம்மா முத்திரையைக் குத்தினார்.

இருபதாம் நாள் அந்த ஆள் அகப்பட்டான். போலீசிடம் இல்லை, வேறு ஊரில், டிக்கெட் இல்லாமல் ரயிலேறியதற்காக டிக்கெட் பரிசோதகரிடம். பிடிபட்டவன் சொன்னதைக் கேட்டு ஊரே வாயில் கை வைத்தது. ஒன்பது நாள் அவன் இதே ஊரில், சாயப்பட்டறை மாடியில் வாடகைக்கு இருந்திருக்கிறான். "ஒரு நாள் போலீஸ்ல இருந்து போன் வந்தது. கீழே பட்டறையில ஆளில்ல. நான்தான் எடுத்தேன். சந்தேகப்படும்படி யாரும் இல்லைன்னு சொன்னேன். நன்றி சொல்லி வெச்சுட்டாங்க."

சீட்டைத் தேடி எடுத்தார்கள். தகவல் அச்சாகச் சரி. எழுத்து ஏட்டம்மாவுடையது. கீழே 'விசாரிக்கப்பட்டது, சந்தேகத்துக்குரிய நபர் யாரும் இல்லை.' அதற்கும் கீழே ஏட்டம்மாவின் கையெழுத்து, குண்டு குண்டாக, தெளிவாக.

தேடுதல் வேட்டை எப்படி நடந்தது, எங்கே கோட்டை விட்டார்கள் என்று ஆராய ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரை அரசாங்கம் அனுப்பியது. அவர் வந்து இறங்கியது நாத்தனார் சமைக்கும் விடுதியில். அங்கேயே சாப்பாட்டுக் கூடத்தில் மேஜைகளைச் சேர்த்துப் போட்டு விசாரணையும் நடந்தது. டீ கொண்டுபோகும்போதெல்லாம் நாத்தனாரின் காது அங்கேயே தங்கிவிடும். இன்ஸ்பெக்டர் அடித்துச் சொன்னார்: நடைமுறையில் குறையே இல்லை, கையெழுத்துப் போட்ட ஒருத்தரின் கவனக்குறைவு. நீதிபதியும் தலையை ஆட்டினார். ஏட்டம்மாவைப் போன் மேஜையிலிருந்து எடுத்து, சீட்டு அடுக்கும் அறைக்கு அனுப்பிவிட்டார்கள். ஓய்வுக்கு இரண்டு வருஷம் இருக்கையில், அந்தக் கெட்ட பெயரோடு வேலை போவது நிச்சயம் என்று பேச்சு.

அன்று மத்தியானம் நாத்தனார் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள். "அண்ணி, அந்தத் தகவல் போன் இன்னும் இருக்கா?"

"இருக்கு. கூட்டாளிங்க ரெண்டு பேர் இன்னும் அகப்படலையே."

"சீட்டு?"

"அதே சீட்டு. அதே நாலு பேர். அதே பூஜ்யம்."

"அப்போ எங்க விடுதியில ஒரு ஆள் இருக்காரே, அவரைப் பத்தி நான் ஒரு தகவல் சொன்னா?"

ஏட்டம்மாவுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் நெஞ்சில் கை வைத்தார். "ஐயோ கடவுளே! பொய்த் தகவல் கொடுக்கிறது குற்றம்டி. பாவமும்கூட."

"பொய்யே வேணாம் அண்ணி. உள்ளதை உள்ளபடி சொல்லுவோம்."

இருவரும் அடுப்படியில் உட்கார்ந்து வாசகத்தைத் தயார் செய்தார்கள். நாத்தனார் சொல்லச் சொல்ல, ஏட்டம்மா அரிசியில் கல் பொறுக்குவதுபோல ஒவ்வொரு சொல்லாக எடுத்துப் போட்டார்.

"பன்னெண்டு நாளைக்கு முன்னாடி வந்தாரு. வெளியூரு."

"சரி."

"கறுப்புப் பெட்டி ஒண்ணு. பூட்டியே வெச்சிருக்காரு. சுவர்ல ஊர் வரைபடம். போலீஸ் ஸ்டேஷன் எல்லாத்தையும் சிவப்பு மையில வட்டம் போட்டிருக்காரு."

"உண்மைதானே?"

"நான்தானே பெருக்குறேன்! காவலுக்கு ஆள் எப்போ மாறுவாங்கன்னு வர்றவங்ககிட்ட எல்லாம் கேக்குறாரு. முழிக்கிற முழியே சரியில்ல."

"அது அவர் பிறவி. எடுத்துடு."

"முன்கோபக்காரர்?"

ஏட்டம்மா யோசித்தார். "அது உண்மை. இருக்கட்டும்."

மறுநாள் காலை பத்து மணிக்கு நாத்தனார் சலவைக் கடையிலிருந்து போன் செய்தாள். விடுதியின் முகவரியையும் நம்பரையும் திருத்தமாகக் கொடுத்தாள்.

மாலை நாலு மணிக்கு நீதிபதி கூடத்தில் டீ குடித்துக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் நாத்தனார் பிஸ்கட் தட்டோடு. போன் அடித்தது. வரவேற்பில் யாரும் இல்லை. நீதிபதியே எட்டி எடுத்தார்.

"ஆமா, விருந்தினர் விடுதிதான். சந்தேகப்படும்படியாவா? அப்படி யாரும் இல்லையேப்பா. இங்க நான் ஒருத்தன்தான் இருக்கேன்." வைத்துவிட்டு நாத்தனாரைப் பார்த்துப் பெருமையாகச் சொன்னார். "பரவாயில்லம்மா, போலீஸ் விழிப்பாத்தான் இருக்காங்க. என்ன மரியாதை!"

தட்டிலிருந்த பிஸ்கட் எல்லாம் நடுங்கின. நாத்தனார் சிரிப்பை அடக்க அடுப்படிக்கு ஓடி, கரித்துணியை வாயில் வைத்துக்கொண்டாள்.

அதிலிருந்து மூன்றாம் நாள் விசாரணையில் ஏட்டம்மாவின் முறை. நீதிபதி கேட்டார், "நீங்க ஏதாவது சொல்ல விரும்புறீங்களா?"

"முதல்ல ஒண்ணு சொல்லிடறேங்கய்யா. அந்தக் கையெழுத்து என்னோடது. நேர்ல போய்ப் பார்க்கலைன்னு தெரிஞ்சேதான் போட்டேன். அது என் தப்பு, அதுக்குக் கடவுள்கிட்டயும் தினம் மன்னிப்புக் கேக்குறேன். ஆனா அந்தத் தப்பு என்னோட முடியல. இந்தச் சீட்டை ஒரு தடவை படிச்சுப் பாருங்கய்யா."

நீதிபதி படித்தார். வெளியூர் ஆள். பூட்டிய பெட்டி. வரைபடம், சிவப்பு வட்டம். படிக்கப் படிக்க அவர் முதுகு நிமிர்ந்தது. மேஜையில் ஓங்கி ஒரு அடி.

"இவ்வளவு ஆபத்தான ஆளா! இன்ஸ்பெக்டர், இவனை ஏன் இன்னும் பிடிக்கல?"

இன்ஸ்பெக்டர் எழுந்து நின்றார். "விசாரிச்சாச்சுங்கய்யா. கீழே முத்திரை இருக்கு பாருங்க. சந்தேகத்துக்குரிய நபர் யாரும் இல்லை."

"யாரைக் கேட்டு விசாரிச்சீங்க? எந்த முகவரி இது?" நீதிபதியின் கண் சீட்டின் மேல் மூலைக்குப் போனது. அங்கேயே நின்றது. அவர் மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டிக்கொண்டு மறுபடி படித்தார். முகவரி மாறவில்லை.

"இந்தத் தகவல் கொடுத்தது யாரு?"

நாத்தனார் தண்ணீர்க் குவளைகளோடு சுவரோரம் நின்றிருந்தாள். அண்ணி தனியாக நிற்கிறாரே என்ற எண்ணம்தான் காலை முன்னால் நகர்த்தியது. "நான்தாங்கய்யா. அதுல ஒரு சொல்லு பொய்யின்னாலும் எனக்கு என்ன தண்டனை வேணா குடுங்க."

நீதிபதி விரலை வைத்து வரிவரியாகப் படித்தார். ஒரு வரியில் விரல் நின்றது. "முன்கோபக்காரரா? நானா?" என்று கத்தினார்.

மேஜையில் அவர் அடித்த அடியில் கவிழ்ந்த மைப்புட்டி இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தார். உதடு கோணியது. பிறகு தோள் குலுங்க ஆரம்பித்தது. நீதிபதிகள் அப்படிச் சிரித்து அந்தக் கூடம் கண்டதில்லை.

சிரித்து முடித்ததும் அவர் முகம் மாறியது. "பதினாலு பேர் போயிருக்காங்க. அவன் போனை எடுத்து இல்லைன்னான், நம்பினீங்க. நான் எடுத்து இல்லைன்னேன், நம்பினீங்க. இதுல இந்தம்மாவோட கையெழுத்து இருந்தா என்ன, யாரோடது இருந்தா என்ன?" என்றார். இன்ஸ்பெக்டர் தரையில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

அறிக்கையில் மாலைப் பூஜ்யத்தை ஒழிக்கச் சொல்லி எழுதினார். சீட்டில் புதிதாக ஒரு வரி அச்சாயிற்று: 'நேரில் சென்று பார்த்தவர் யார்?' ஏட்டம்மாவுக்கு எழுத்தில் ஒரு கண்டிப்பு வந்தது. அதை அவர் கண்ணில் ஒற்றி வாங்கிக்கொண்டார். நாத்தனாருக்குக் கோபம் வந்ததும், "இதுகூடக் கிடைக்கலைன்னா எனக்கு மனசு ஆறாதுடி" என்றார். வேலை தப்பியது. மறுபடி போன் மேஜைக்கே போனார். இரண்டு வருஷம் கழித்து, எல்லாரையும்போல ஒரு சாதாரண நாளில் ஓய்வு பெற்றார்.

ஏட்டம்மாவின் மகள் வெகு தூரத்தில் கல்யாணமாகிப் போயிருந்தாள். அண்ணனும் அண்ணியும் அங்கேயே போய் இருந்துவிடுவதென்று முடிவாயிற்று. பஸ் ஏற்றிவிட நாத்தனார் போனாள். அதற்குப் பிறகு ஏட்டம்மாவைப் பார்க்க அவளுக்குக் கொடுத்துவைக்கவில்லை. ஒரு வருஷத்துக்குள் அவர் கடவுளிடம் போய்விட்டார். அன்று பஸ் கிளம்பும் நேரத்தில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அழுகையை மறைக்க எதையாவது பேச வேண்டுமே என்று நாத்தனார் சொன்னாள்:

"போய்ச் சேர்ந்ததும் நல்லா இருக்கேன்னு ஒரு போன் பண்ணிடுங்க அண்ணி."

ஏட்டம்மா அவள் கன்னத்தைத் தட்டினார்.

"போன்ல சொன்னா நம்பிடுவியா? நேர்ல வந்து பாருடி."