அளவு அக்கா

அளவு அக்கா முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்வார், அதுவும் குழந்தையிடம். "கோச்சுக்காதீங்க சாமி, கொஞ்சம் காலை நீட்டுங்க, பாத்துட்டு விட்டுடறேன்" என்று குனிந்து சொல்லிவிட்டுத்தான் அளவுப் பலகையில் கிடத்துவார். கைக்குழந்தைக்கு 'நீங்க', பெற்றவர்களுக்கு 'நீ'. ஏன் இப்படி என்று கேட்டால், "பெரியவங்களைத் திட்டினா திருப்பித் திட்டிடுவாங்க. இதுங்களால முடியுமா? அதான் மரியாதை" என்பார்.

சில தெருக்களில் மட்டும் குழந்தைகள் ஏன் வளர்ச்சி குன்றிப் போகிறார்கள் என்று ஆராயும் குழுவில் அவர் செவிலியர். வீடு வீடாகப் போய் எடையும் உயரமும் பார்ப்பார். ஐம்பதைத் தொடும் வயது. வேகமான நடை, அதைவிட வேகமான பேச்சு. பலகையில் குழந்தையின் தலையைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டுமே என்று வேன் ஓட்டுநரையே பழக்கி வைத்திருக்கிறார். லாரிகளுக்கு நடுவே அலட்டாமல் புகுந்து வருகிற மனிதருக்குப் பச்சைக் குழந்தையைத் தொட்டதும் வியர்த்துவிடும்.

"எனக்கு ஸ்டியரிங்கே போதும்க்கா."

"இதுவும் ஸ்டியரிங்தான். நேராப் பிடி."

வீட்டில் கணவரின் குறை வேறு மாதிரி. "ஊர்ப் பிள்ளைங்களை எல்லாம் அளந்துட்டு வர்றே, உலைக்கு அரிசி அளக்க மட்டும் மறந்துடறே."

"நீங்க கதை அளக்கற நேரத்துல அரிசியை அளக்கலாம்ல?" செருப்பைக் கழற்றும்போதே பதில் வந்துவிடும்.

போன வருஷம், சலவைக் கூடத்தில் வேலை பார்க்கும் பெண்ணொருத்தியின் மகளுக்கு எடை ஏறாமல் நின்றுபோனது. அடுத்தடுத்துப் போனபோதெல்லாம் வீடு பூட்டிக் கிடந்தது. 'ஒத்துழைக்காத குடும்பம்' என்று ஆய்விலிருந்தே எடுத்துவிடச் சொன்னது அலுவலகம். அந்த வார்த்தை அக்காவுக்குச் சுருக்கென்றது. விடுமுறை நாளில் சலவைக் கூடத்தின் பின்வாசலில் போய் நின்றார். ஈரக் கையோடு வெளியே வந்த தாய், அவரைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நீங்க வர்ற நேரத்துல நான் வீட்ல இருந்தா வேலை போயிடும்க்கா. ஆஸ்பத்திரிக்கு ஓடினா அதுக்குள்ள மூடிடறாங்க. நான் வேலைக்கு வந்ததுலேருந்து புட்டிப்பால்தான். குடிச்சதெல்லாம் வாந்தி எடுக்கறா. சொன்னா, ஊட்டத் தெரியலைன்னு என்னையே திட்டுவீங்கன்னு பயம்."

"நான் திட்டற ஆளுதான்" என்றார் அக்கா.

மறுநாள் குழுவின் தலைவியான குழந்தை மருத்துவரின் அறைக்குள் கதவைத் தட்டாமல் நுழைந்தார். "அம்மா, அவங்க ஒத்துழைக்காம இல்லை. அவங்க இல்லாத நேரமாப் பாத்து நாமதான் போயிட்டிருக்கோம்."

மருத்துவர் பேனாவை மூடி வைத்தார். "எந்த நேரம் இருப்பாங்க?"

அந்த வாரமே, ஷிப்ட் முடிகிற வேளையில், வேன் சலவைக் கூடத்தின் பின்வாசலில் நின்றது. மருத்துவரும் கூடவே வந்திருந்தார். பகலில் பிள்ளையைத் தன் வீட்டில் வைத்துக்கொள்ளும் பாட்டி அவளைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். சோதித்துப் பார்த்ததில், பிள்ளைக்கு அந்தப் பால் ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரிந்தது. வேறு பாலுக்கு ஆஸ்பத்திரியிலேயே ஏற்பாடாயிற்று. வாந்தி நின்றது. எடை மெல்ல மெல்ல ஏறத் தொடங்கியது.

இப்போது வாரத்தில் ஒரு மாலை வேன் அங்கேதான் நிற்கிறது. கூடத்திலிருந்து நேராக வந்து குழந்தைகளோடு நிற்கும் தாய்மார்களுக்கு அக்காவின் வசவும் கொஞ்சம் குறைந்திருக்கிறது. அடியோடு நின்றுவிட்டது என்று சொல்ல முடியாது.

நேற்று அந்தச் சின்னவள் தராசில் உட்கார்ந்து கையைக் காலை ஆட்டினாள். எண் நிலைக்கவே இல்லை. "அசையாம இருங்க மகாராணி" என்று கெஞ்சி ஒருவழியாகப் பார்த்து முடித்தார் அக்கா. தாய் பகல் முழுக்க நின்ற காலை மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டிருந்தாள். அக்கா சின்னவளைத் தோளில் போட்டுக்கொண்டார். முக்காலி மேலிருந்த தராசை ஒரு கையால் தூக்கித் தரையில் வைத்தார். பிறகு அந்த முக்காலியைக் காலால் தாயின் பக்கம் நகர்த்தினார்.