மௌன விரதம் என்று நினைத்தார்கள்

முதலில் பேச்சுக் குறைந்தது. டீக்கடையில் ‘ஒரு டீ’ என்று சொல்லவும் வாய் வராமல் விரலைக் காட்டினேன். பிறகு பசி போனது. விடியுமுன்பே விழிப்பு வந்துவிடும். எழுந்திருக்க உடம்பு வராது.

எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். லாரியில் கிளீனர், கல்யாணச் சமையலில் எடுபிடி என்று ஊர் ஊராகத் திரிந்தேன். ஓர் ஊர் சலித்தால் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன். திருவண்ணாமலையில் ரமணாசிரமம் பக்கம் ஒரு விடுதியில் பாத்திரம் கழுவும்போதுதான் அந்தப் பையைத் தூக்கவும் தெம்பில்லாமல் போனது. வேலைக்குப் போவது நின்றது. அடி அண்ணாமலையில் என் வாடகை அறைக்கு எதிரே, கிரிவலப் பாதையோரம் நாளெல்லாம் உட்கார்ந்திருந்தேன்.

வேறு ஊராக இருந்தால் யாராவது என்ன ஆச்சு என்று கேட்டிருப்பார்கள். இங்கே தாடியோடு, சாப்பிடாமல், பேசாமல் உட்கார்ந்திருப்பவனைக் கும்பிடுவார்கள். பௌர்ணமியன்று ஒரு குடும்பம் என் முன்னால் வாழைப்பழம் வைத்துவிட்டுப் போனது. “சாமி மௌன விரதம், தொந்தரவு பண்ணாதீங்க” என்று வீட்டுக்கார அம்மாவே காவல் காத்தார். அந்த நாட்களில் நான் சாவைப் பற்றி மட்டுமே யோசித்துக்கொண்டிருந்தேன்.

வீடு வீடாகப் போய் சர்க்கரை, பிரஷர் பார்க்கும் சுகாதாரப் பணியாளர் செல்வி. அப்போதுதான் மனநலப் பயிற்சி முடித்திருந்தார். என் பக்கம் வந்தவரைப் பார்த்து வீட்டுக்கார அம்மா சிரித்தார்.

“சாமிக்கு இன்னாத்துக்குமா பிரஷர்?”

“சாமியோ ஆசாமியோ, கை இருந்தா பாக்க வேண்டியதுதாங்க.”

அம்மா உள்ளே போனதும் என் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

“விரதமாண்ணா, இல்ல முடியலையா?”

நான் பாதையில் போகிறவர்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் எழுந்து போகவில்லை.

“செத்துடலாம்னு தோணுதாண்ணா?” சாப்பிட்டீங்களா என்று கேட்பதுபோலக் கேட்டார்.

“தோணுது.”

அவர் பதறவில்லை, புத்தியும் சொல்லவில்லை. “சொன்னது நல்லதுண்ணா. இன்னைக்கு உங்கள தனியா உடமாட்டேன்” என்றார். என்னைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்கார அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னார். மூவரும் ஆட்டோவில் அரசு மருத்துவமனைக்குப் போனோம். “தெரிஞ்சிருந்தா அதட்டியாவது ரெண்டு வாய் போட்டிருப்பனே” என்று அம்மா வழியெல்லாம் புலம்பினார்.

டாக்டர் மனச்சோர்வு என்றார் (வெறும் சோகம் அல்ல, தூக்கம், பசி, தெம்பு எல்லாவற்றையும் பிடிக்கும் நோய்). “மாத்திரை வேலை செய்ய சில வாரம் ஆகும். ஒண்ணுமே மாறலைன்னு தோணும். நீங்களா நிறுத்திடாதீங்க.”

அப்படியேதான் தோன்றியது. நிறுத்தவில்லை. அம்மா தட்டை வைத்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்துகொள்வார். ஒருநாள் குழம்பில் உப்பு ஜாஸ்தி என்றேன். “ஆங், சாமி வாயத் தொறந்துட்டாரு” என்றார்.

இப்போது மறுபடி பாத்திரம் கழுவுகிறேன். சமீபத்தில் வேங்கிக்காலில் நடந்த சுகாதாரப் பணியாளர் பயிற்சிக்கு செல்வி என்னையும் அழைத்துப் போனார். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் கேட்டார்: “சாவப் பத்தி நாமளே கேட்டா, இல்லாத நெனப்ப எடுத்துக் குடுத்த மாதிரி ஆவாதாங்க?”

“நெனப்பு முன்னாடியே இருந்ததுமா. கேட்டப்புறம்தான் அத நான் ஒருத்தனா சுமக்கல” என்றேன்.

“அப்போ நெஜ சாமியாரையும் கேக்கணுமா?”

“கேளுங்க. கோச்சிக்கிட்டா கோச்சிக்கட்டும்.”

அறையே சிரித்தது. படிக்கிற உங்களுக்கும் அதையேதான் சொல்வேன். அந்த நினைப்பு உங்களுக்கே வந்து, யாரும் கேட்காவிட்டால் நீங்களே ஒருவரிடம் வாய் திறந்து சொல்லிவிடுங்கள்.

சில காலைகள் இன்னும் கனமாகத்தான் விடிகின்றன. அவையும் மதியத்துக்குள் நகர்ந்துவிடும் என்று உடம்புக்குத் தெரிந்திருக்கிறது. உடம்பு தேறியதில் பழைய சட்டைகள் தோளில் பிடிக்கின்றன. போன வாரம் தையல்கடையில் புதுத் துணி கொடுத்தேன்.

“தீபாவளித் துணியே குவிஞ்சு கெடக்கு. தீபத்துக்கு அப்பறம்தான் கிடைக்கும், பரவால்லியா?” என்றார் டெய்லர்.

கார்த்திகை தீபத்துக்கு இன்னும் இரண்டு மூன்று மாதங்கள் இருந்தன. பரவாயில்லை என்றேன். அளவெடுக்கும்போது, கொஞ்சம் லூசாக வைக்கவும் சொன்னேன்.