கமலவேணி சொல்லாத ஒரு வார்த்தை

காலையில் வகுப்புக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது பிரிக்பீல்ட்ஸ் வீட்டிலிருந்து என் துறைத் தோழி கமலவேணியின் தம்பி போன் செய்தார். "அக்கா போயிட்டாங்க, ராஜி. தூக்கத்துலயே" என்றார். போனை வைத்துவிட்டு நான் வகுப்புக்குத்தான் போனேன். ரத்து செய்திருந்தால் கமலா என்னைத் திட்டித் தீர்த்திருப்பார். பாடம் முடிந்த பிறகு அறைக்கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

பல்கலைக்கழகத்தின் அரசியல் அறிவியல் துறையில் எழுபதுகளிலிருந்து எங்கள் இருவருக்கும் அடுத்தடுத்த அறை. இளங்கலை மாணவர்களுக்கு வழிகாட்டும் பொறுப்பு கமலாவுடையது. என்னைப் போன்றவர்கள் நைசாக நழுவிவிட்ட வேலை அது. அவரோ அதை ஆசையாகக் கேட்டு வாங்கிக்கொண்டார். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் எந்தப் புத்தகத்தை முதலில் வாங்குவது என்று வந்து நிற்பார்கள். "புத்தகம் அப்புறம். பேப்பர் படி. மலாய், இங்கிலீஷ், தமிழ், மூணும் படி. சீனப் பேப்பர் படிக்கிற கூட்டாளி ஒருத்தன புடி. ஒரே செய்தி ஏன் நாலு மாதிரி இருக்குன்னு வந்து எனக்குச் சொல்லு" என்பார். அந்தப் பதிலோடு திரும்பி வந்தவர்கள் யாரும் பிறகு படிப்பில் தடுமாறி நான் பார்த்ததில்லை.

போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் லோரி ஓட்டிய முனியாண்டி அண்ணன் துறைக்கு வந்த நாளை எங்கள் பழைய மாணவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அவர் மகள் சாந்தி அப்போது முதலாம் ஆண்டு. "பொலிட்டிக்கல் சயன்ஸ்னு சொல்றா. சயன்ஸ்னா லேப் இருக்கணும்ல, டீச்சர்? பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்லா" என்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கமலா சிரிக்கவில்லை. அவரை நேராகக் கேன்டீனுக்கு அழைத்துப் போனார். அங்கே சாந்தியும் மூன்று நான்கு மாணவர்களும் மேசையைத் தட்டித் தட்டி, கம்பத்துக் கிராம மக்களை வேறிடத்துக்கு மாற்றுவது சரியா தவறா என்று மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். "இதான் லேப், அண்ணே. பொக வரும், வெடிக்காது" என்றார் கமலா. முனியாண்டி அண்ணன் ஒரு கிளாஸ் தே தாரிக் டீ வாங்கிக்கொண்டு மகள் பேசுவதை அரை மணி நேரம் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போனார்.

அந்தச் சாந்திதான் மூன்றாம் ஆண்டில் எல்லாரையும் முந்திக்கொண்டு வந்தாள். வெளிநாட்டில் முதுகலை படித்துவிட்டுத் துறைக்கே விரிவுரையாளராகத் திரும்பி வர அவளுக்கு ஓர் இடம் கிடைத்தது. கூட்டத்துக்குக் கூட்டம் பேசி அந்த இடத்தை வாங்கி வந்தவர் கமலா. தனக்குப் பின் அந்த நாற்காலியில் சாந்தி உட்கார வேண்டும் என்பது அவருடைய ஆசை. வாய்விட்டுச் சொன்னதில்லை என்றாலும் எனக்குத் தெரியும். சாந்தி வேண்டாம் என்றாள். துறைமுகத் தொழிலாளர்களின் சங்க அலுவலகத்தில் வேலைக்குப் போகிறேன் என்றாள்.

முனியாண்டி அண்ணன் எங்கள் இருவரையும் ஞாயிற்றுக்கிழமை சாப்பிட அழைத்தார். நண்டுக் கறியெல்லாம் செய்து வைத்திருந்தார்கள். யாருக்கும் இறங்கவில்லை. மறுநாள் துறைக்குப் பதில் சொல்லியாக வேண்டும். "நான் சொன்னா கேக்க மாட்றா. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க டீச்சர், ஒடனே கேப்பா" என்று அவர் கும்பிடாத குறையாகக் கேட்டார். அது உண்மை. கமலா 'போ' என்றால் சாந்தி போயிருப்பாள். நானும் மேசைக்கடியில் கமலாவின் காலை மிதித்தேன்.

கமலா சாந்தியைப் பார்த்து, "நல்லா யோசிச்சியா?" என்று கேட்டார்.

"யோசிச்சேன், டீச்சர். போனா நல்லா வருவேன்னு தெரியும். ஆனா எனக்கு இங்கதான் வேலை இருக்கு."

"சரி" என்றார் கமலா. பிறகு முனியாண்டி அண்ணன் பக்கம் திரும்பினார். "மூணு வருஷமா நீயே முடிவெடு, நீயே முடிவெடுன்னு சொல்லிக் குடுத்தேன், அண்ணே. மொத தடவையா எடுத்திருக்கா. அதை நானே மாத்தச் சொன்னா, நான் சொல்லிக் குடுத்ததுக்கு என்ன அர்த்தம்?"

திரும்பி வரும்போது காரில் நான் பொரிந்து தள்ளினேன். ஒரு பிள்ளையின் எதிர்காலத்தை விட உன் கொள்கை பெரிதா என்று கேட்டேன்.  பெட்டாலிங் ஜெயா வந்ததும் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எனக்கு மட்டும் வலிக்கலேன்னு நெனைக்கிறியா? ஆனா பெருமையா இருக்கு ராஜி. என்கிட்ட படிச்ச பொண்ணு, என்னையே எதுத்து நின்னுட்டா" என்றார்.

அந்த முடிவில் எனக்கு இன்றும் உடன்பாடு இல்லை. துறை ஒரு நல்ல ஆசிரியையை இழந்தது. ஆனால் இறுதிச் சடங்கன்று பிரிக்பீல்ட்ஸ் வீட்டு வாசலில் சாந்தியோடு வந்து நின்ற துறைமுகத் தொழிலாளர் கூட்டத்தைப் பார்த்தபோது, அந்த இழப்பால் யாருக்கு லாபம் என்று தெரிந்தது. பலர் வேலை முடிந்து உடை மாற்றாமல் வந்திருந்தார்கள். தலை நரைத்துப்போன முனியாண்டி அண்ணன் பக்கத்தில் நின்றவரிடம், "எம் மகளுக்கு இவங்கதான் டீச்சர்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

கமலாவின் வழிகாட்டிப் பொறுப்பு இப்போது என்னிடம் இருக்கிறது. வரும் பிள்ளைகளுக்கு நான் ஏகப்பட்ட அறிவுரை சொல்கிறேன். அவருக்கு நான் சளைத்தவள் இல்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரு பிள்ளை, "இல்ல டீச்சர், நான் வேற முடிவெடுத்துட்டேன்" என்று சொல்லும்போது மட்டும் நிறுத்திக்கொள்கிறேன். சொல்ல இன்னும் ஒரு வார்த்தை நாக்கு நுனியில் இருக்கும். சொன்னால் அந்தப் பிள்ளை கேட்கும் என்றும் தெரியும். அதை விழுங்கிவிட்டு 'சரி' என்று சொல்லக் கமலாவிடம்தான் கற்றேன். ஒவ்வொரு முறையும் கஷ்டமாகத்தான் இருக்கிறது.