முத்துப்பேச்சி இழுத்த நூல்

முத்துப்பேச்சிக்குக் கை சும்மா இருக்காது. எங்கே நூல் தொங்கினாலும் இழுக்கும், இழுத்த கையோடு வெட்டியும் விடும். பஸ்ஸில் முன்சீட்டுப் பெண்ணின் ரவிக்கையில் பிசிறு தெரிந்தால் போதும், அடுத்த ஸ்டாப் வருவதற்குள் அது காணாமல் போயிருக்கும். ஒருதடவை கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளையின் காலரிலேயே கையை வைத்துவிட்டாள். புருஷன் முனீஸ் பல்லைக் கடித்துக்கொண்டு அவளை இழுத்துவந்தான். அவளைச் சொல்லியும் குற்றமில்லை. சாத்தூர்ப் பக்கமிருந்து திருப்பூருக்கு வந்த நாள் முதல் பனியன் கம்பெனியில் அவளுக்கு அதுதான் வேலை. தைத்து வருகிற பீஸைத் திருப்பிப் போட்டு, தொங்குகிற நூலைச் சுண்டி இழுத்து, கட்டரால் நறுக்க வேண்டும். பகல் பூரா அதையே செய்கிற கைக்கு, மணியடித்ததும் நிறுத்திக்கொள் என்று யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

அந்தக் கைதான் குருணையைக் கொல்லப் பார்த்தது.

குருணை நாய்தான். ஆனால் அவர்கள் குடியிருக்கும் திருப்பூர் ராயபுரத்தில் யாரும் அதை முதல் பார்வையில் நாய் என்று ஒத்துக்கொண்டதில்லை. பூனையைவிடக் கொஞ்சம் பெரிசு, நல்ல கறுப்பு, உடம்பெல்லாம் பாத்திரம் தேய்க்கிற நார் மாதிரி விறைத்த முடி. சப்பை மூக்கு, தாடி, மீசை, குரங்கு முழி. அஃபென்பின்ஷர் என்று ஏதோ ஜெர்மனிச் சாதியாம், அந்தப் பேர் தெருவில் ஒருத்தர் வாயிலும் நுழையவில்லை. கம்பெனி முதலாளி தனபாலின் மகள் கீர்த்தனா ஆசைப்பட்டு வாங்கியது. கல்யாணமாகி அவள் பெங்களூர் போனபோது, மாமியார் வீட்டில் நாய் ஆகாது என்றுவிட்டார்கள். அதற்கு முன்பும் கீர்த்தனா கம்பெனிக்குத் தூக்கிவரும்போதெல்லாம் செக்கிங் டேபிளுக்கு அடியில், முத்துப்பேச்சியின் காலடியில்தான் அது சுருண்டு கிடக்கும்.

"நீங்களே வெச்சுக்குங்கக்கா. உங்ககிட்டன்னா எனக்கு நிம்மதிங்க," என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள் கீர்த்தனா. அவள் வைத்திருந்த இங்கிலீஷ் பேரை முத்துப்பேச்சி ஒரே நாளில் குருணை என்று மாற்றிவிட்டாள்.

பிள்ளையில்லாத வீடு அது. அக்கம்பக்கத்தில் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், இப்போது கேட்பதையும் விட்டுவிட்டார்கள். குருணை வந்த பிறகு அவள் வாசலில் செருப்பைக் கழற்றுகிற சத்தத்துக்கே உள்ளே ஒரு குதியாட்டம் கேட்கும். அதற்காகவே வேலை முடிந்ததும் ஓட்டமும் நடையுமாக வருவாள்.

வளர்ப்பது என்ன லேசா? தின்றதும் தாடியைத் துடைக்க வேண்டும், விட்டால் நாறும். வெயில் ஏறினால் அந்தச் சப்பை மூக்கில் மூச்சு முட்டும், ஈரத்துணி விரித்து ஃபேனுக்கு நேரே போட வேண்டும். முடியை வெட்டக் கூடாது, வெட்டினால் அந்த விறைப்பே போய்விடும். செத்த முடியை விரலால் பிடித்துச் சுண்டி இழுக்க வேண்டும். இதைக் கீர்த்தனா சொல்லிக் கொடுத்தபோது முத்துப்பேச்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இதுக்கா பாப்பா இம்புட்டுப் பாடம்? நம்ம வேலைதான இது," என்றாள். ஞாயிற்றுக்கிழமை மடியில் போட்டுக்கொண்டால் குருணை கண் சொக்கிக் கிடக்கும். அவள் விரல் பட்டால் அதற்கு அப்படி ஒரு சுகம்.

கீர்த்தனா போகும்போது இன்னொன்றும் சொல்லியிருந்தாள். "நூலு மட்டும் கிட்டவே இருக்கக் கூடாதுங்கக்கா. முழுங்கிருச்சுன்னா உசுருக்கே ஆபத்துங்க."

முத்துப்பேச்சி அதைக் கெட்டியாகத்தான் பிடித்துக்கொண்டிருந்தாள். கம்பெனியிலிருந்து வந்தால் சேலையை உதறிவிட்டுத்தான் உள்ளே நுழைவாள். ஆனால் அந்த வாரம் ஷிப்மென்ட். முடியாத பண்டலைக் கட்டி வீட்டுக்கே கொடுத்துவிட்டார்கள். கட்டிலில் உட்கார்ந்து வெட்டினாள், வெட்டி முடித்துக் கூட்டியும் விட்டாள். கட்டிலுக்கு அடியில் விளக்குமாறு எட்டாத இடம் ஒன்று இருந்தது. அவளுக்கு எட்டாத இடம் குருணைக்கு எட்டாதா என்ன?

இரண்டு நாள் கழித்துக் காலையில் குருணை சோற்றைத் தொடவில்லை. மஞ்சளாக வாந்தி எடுத்தது. முதுகை வளைத்துக்கொண்டு மூலையில் நின்றது.

"சூடு பிடிச்சிருக்கும், மோரை ஊத்து," என்று சொல்லிவிட்டு முனீஸ் குளிக்கப் போனான்.

பின்பக்கம் அழுக்காக இருக்கிறதே என்று முத்துப்பேச்சி வாலைத் தூக்கினாள். வெள்ளை நூல் ஒன்று விரல் நீளத்துக்குத் தொங்கியது. அவள் யோசிக்கவே இல்லை. கை போயிற்று, சுண்டி இழுத்தது. ஒரு சாண் வந்து, உள்ளே எதிலோ மாட்டினாற்போல நின்றது. கை விடுமா? இன்னும் ஓங்கி ஒரு இழுப்பு. குருணை வீறிட்டது. அப்படி ஒரு சத்தத்தை அந்தச் சின்ன உடம்பிலிருந்து அவள் கேட்டதே இல்லை. பதறிப்போய்க் கட்டரை எடுத்து நறுக்கிவிட்டாள். மிச்சம் உள்ளே போய்விட்டது.

வந்த நூலைச் சுருட்டிக் குப்பையில் போட்டாள். முனீஸ் தலையைத் துவட்டிக்கொண்டு வந்து, "ஏன் கத்துச்சு?" என்று கேட்டதற்கு, "வயித்தைத் தொட்டேன்," என்றாள். வீட்டில் நூலைச் சிந்தவிட்டது யார் என்று அவன் கேட்டால் என்ன சொல்லுவாள்?

உச்சி நேரத்துக்குள் குருணையின் வயிறு கல்லாக இறுகிவிட்டது. தூக்கினால் தலை தொங்கியது. ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போகையில், சின்ன நெஞ்சு ஏறி இறங்குவதைத் தவிர வேறெதையும் அவள் பார்க்கவில்லை.

டாக்டர் தமிழ்மதி சின்ன வயசுப் பெண். வயிற்றை அமுக்கிப் பார்த்தார், வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிப் பார்த்தார். அங்கே நூல் எதுவும் சிக்கியிருக்கவில்லை, ஆனாலும் வயிற்றின் இறுக்கத்தில் அவர் முகம் மாறிவிட்டது.

"நூல் ஏதாச்சும் முழுங்கியிருக்குமுங்களா? பின்னாடி நூல் தொங்குச்சுங்களா?"

"இல்லீங்க டாக்டர்," என்றான் முனீஸ். அவனுக்கு எங்கே தெரியும்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இதோட மூக்கைப் பாருங்க. மயக்க மருந்து குடுத்தா மூச்சு நின்னு போனாலும் போயிரும். அதனால சும்மா வயித்தைத் திறக்க மாட்டேன். நூல் தொங்கி, அதை யாராச்சும் இழுத்திருந்தா கதை வேற. குடல் அறுந்திருக்கும், இப்பவே திறக்கோணும். இல்லைன்னா மருந்து ஏத்திட்டு நாளைக்கு வரைக்கும் பொறுக்கலாம்."

"இழுக்கலைங்க. நாங்க அதைப் பிள்ளை மாதிரி வளக்குறோம்," என்றான் முனீஸ்.

பிள்ளை மாதிரி. முத்துப்பேச்சிக்கு, பொறுக்கலாம் என்று டாக்டர் சொன்ன அந்தச் சொல்லைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. அறுந்திருக்காது, நூல் தன்னால் வந்துவிடும், யாருக்கும் எதுவும் தெரிய வேண்டியதில்லை. டாக்டர் ஊசியில் மருந்தை ஏற்றத் தொடங்கியிருந்தார். மேஜைமேல் கிடந்த குருணை கண்ணை மட்டும் திருப்பி அவளைத் தேடியது. வலிக்க வைத்தவளையே தேடுகிறதே!

"நான் இழுத்தேன்," என்றாள்.

முனீஸ் திரும்பினான்.

"ஒரு தடவை இல்ல, ரெண்டு தடவை. வரலைன்னதும் வெட்டிட்டேன். உள்ள கிடக்கு."

டாக்டர் ஊசியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே பார்த்து யாரையோ கூப்பிட்டார். குருணையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கதவு சாத்திக்கொண்டது.

பெஞ்சில் உட்கார்ந்தார்கள். முனீஸின் சட்டைப் பையின் ஓரத்தில் நூல் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. முத்துப்பேச்சி அதையே பார்த்தாள். அவள் கை மடியை விட்டு எழவில்லை. அவள் எதைப் பார்க்கிறாள் என்று முனீஸ் குனிந்து பார்த்தான். தானே அந்த நூலைப் பிய்த்துப் போட்டான்.

"கீர்த்தனா பாப்பாகிட்ட என்ன சொல்லப்போற?"

"நடந்ததைச் சொல்லுவேன். தூக்கிட்டுப் போறேன்னு சொன்னா போகட்டும். எங்கயாச்சும் உசுரோட இருந்தாச் சரி," என்றாள். சொல்லிவிட்டு முந்தானையை வாயில் வைத்து அழுதாள்.

டாக்டர் வெளியே வந்தபோது முகமெல்லாம் வேர்வை. பாவாடை நாடாவை இழுத்த மாதிரி நூல் குடலைச் சுருக்கி வைத்திருந்ததாம். இழுத்த இடத்தில் அறுந்து கசிய ஆரம்பித்திருந்ததாம். "நாளைக்குன்னு விட்டிருந்தா இருந்திருக்காதுங்க. நடுவுல ஒருக்கா மூச்சு நின்னு போச்சு, திரும்ப வந்துருச்சு. இன்னும் பிழைச்சுதுன்னு சொல்ல மாட்டேன்."

பிழைத்தது. ஊசியும் டிரிப்ஸுமாகக் கிடந்து, ஒரு காலையில் கஞ்சித் தண்ணியை நக்கியது. கீர்த்தனா போனில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு, "இனி பண்டல் ஊட்டுக்கு வராதுங்கக்கா, அப்பாகிட்ட நான் பேசிக்கறேன்," என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் குருணையின் அடிவயிற்றைக் காட்டினார். முடி மழித்த வெள்ளைத் தோலில் வரிசையாகத் தையல். முடிச்சுக்கு முடிச்சு, நீல நூல் முனைகள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. "இதை யாரும் தொடக் கூடாதுங்க. நானேதான் பிரிப்பேன்," என்றார், முத்துப்பேச்சியைப் பார்த்து.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அவள் தரையில் உட்கார்ந்ததுமே குருணை தட்டுத்தடுமாறி வந்து மடியில் ஏறி, மல்லாந்து படுத்து வயிற்றைக் காட்டியது. விரல் எப்போது வரும் என்று காத்திருந்தது. நீலப் பிசிறுகள் அவள் கண்ணுக்கு நேரே அசைந்தன.

"கட்டரை எடுத்துப் பரண்ல போட்டிரட்டுமா?" என்றான் முனீஸ்.

"கட்டரைப் போட்டு என்னத்துக்கு? கையை இல்ல போடணும்."

சொல்லிவிட்டு வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் அழுத்தி உட்கார்ந்தாள். பழக்கமில்லாத இடது கையால் தாடியைத் துடைத்துவிட்டாள். குருணை கண் சொக்கித் தூங்கிப்போயிற்று. கொஞ்ச நேரத்தில் கை மரத்து, ஊசி ஊசியாகக் குத்தியது. அவள் கையை எடுக்கவில்லை.